ஆளில்லாத பெரட்டு

“அப்பாவைப் பெத்தவரு பேரு என்னம்மா? பத்து காஜா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேக்கறாங்க. நாளைக்குப் பங்காளி வீடுன்னு தெரிஞ்சா உன் பேத்தி கல்யாணம் நின்னுடும் லா.”

“எனக்குத் தெரியாது. அவங்க தாத்தா பேரு அவங்களுக்குத் தெரியுமாடா?”

“அப்ப தோட்டத்துக்குப் போய்ப் பெரட்டுல கேட்டுட்டு வாரேன்.”

“அங்க மட்டும் போவாதடா.”

1984இல் புந்தோங் வீட்டில் நடந்த இந்தப் பேச்சைச் சதாசிவம் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்ததுண்டு. அம்மா செல்லாயி பயந்து அவன் பார்த்தது அன்றுதான்.

சிலிம் ரிவர் ஊரிலிருந்து உள்ளே தள்ளி, அவர்கள் முன்பு இருந்த ரப்பர் தோட்டத்தில், ஜப்பான் சண்டை முடிந்த வருஷத்திலிருந்து, வேலைக்கு முன் பேர் கூப்பிட்டு ஆள் எண்ணும் பெரட்டு ஆளில்லாமலே நடந்துகொண்டிருந்தது. விடியும் முன் மணி அடிக்கும். காற்றிலிருந்து, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் குரல் வேலையாட்களின் பெயர்களைத் தகப்பன் பேரோடு கூப்பிடும். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிப் போய், திரும்பி வராதவர்களின் பெயர்கள் அவை. வராத ஆளுக்கு வீட்டில் உள்ளவர் காரணம் சொல்வது பெரட்டு வழக்கம். உறவுக்காரர் வந்து ‘செத்துட்டாருங்க’ என்று சொன்னால் அந்தப் பெயர் மறுநாளிலிருந்து நின்றுவிடும். ரப்பரை வெட்டி எண்ணெய்ப்பனை நட்டார்கள், வேலையாட்கள் இருந்த லயத்து வீடுகளை இடித்தார்கள், பெரட்டு மட்டும் நேரம் தவறவில்லை. சாலையோரம் நாசி லெமாக் சோறு விற்ற பெண் அந்த மணியைக் கேட்டுத்தான் அடுப்பு மூட்டினாள்.

சதாசிவம் டாக்சி பிடித்தபோது செல்லாயி தானாகவே வந்து ஏறி உட்கார்ந்தாள். விடியும் முன் தோட்டத்தில் இறங்கியபோது மணி அடித்தது.

“பழனியப்பன் மகன் சீனி!” என்றது குரல்.

தாத்தா பெயர் கிடைத்துவிட்டது. சதாசிவம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவுக்காகப் பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அடுத்த பெயர் வந்தது.

“சீனி மகள் ராக்காயி! சின்ன ஆள்!”

தனக்கு ஓர் அக்கா இருந்ததை நாற்பத்து மூன்று வயதுவரை யாரும் அவனிடம் சொன்னதில்லை.

ஜப்பான் காலத்தில் அந்தத் தோட்டத்தில், பெரட்டில் பேர் உள்ளவர்களுக்குத்தான் அரிசி. பல குடும்பங்கள் செய்ததைச் சீனியும் செய்தான். ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பன்னிரண்டு என்று சொல்லிப் பேர் கொடுத்தான். சயாமுக்கு ஆள் எடுத்த அன்று அந்தப் பேரையும் கூப்பிட்டார்கள். கைப்பிள்ளை சதாசிவத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, லாரி கிளம்பும்வரை செல்லாயி வாயடைத்து நின்றாள்.

“யாரும்மா அது ராக்காயி?”

குரல் மறுபடியும் கூப்பிட்டது. செல்லாயி சிலிப்பரைக் கழற்றிவிட்டு, பனைகளுக்கு நடுவே நடந்துபோய், யாருமில்லாத இடத்தைப் பார்த்துக் கைகூப்பினாள்.

“கிராணி ஐயா, அதுக்குப் பன்னெண்டு இல்லிங்க, ஒம்பதுதான். பச்சப் புள்ளைங்க. எறக்கி வுட்டுடுங்க ஐயா, நான் ஏறிக்கறேன்.”