குடித்ததாக எழுதச் சொன்னார்கள்

"வீட்ல சண்டையா?" என்று நர்ஸ் கேட்டாள். என் வீட்டுக்காரர் வாயில் நுரை தள்ளிக் கிடக்கிறார், இவளுக்கு எங்கள் வீட்டுச் சண்டை வேண்டியிருக்கிறது.

"சண்டையும் இல்ல, சச்சரவும் இல்ல. பருத்திக்கு மருந்து அடிச்சுக்கிட்டு இருந்தாரு" என்றேன்.

காலையில் முதுகில் மாட்டும்போதே மருந்து டேங்க் ஒழுகியது. தோட்டத்து மேஸ்திரியிடம் சொன்னார். "துணியைச் சுத்திட்டு அடிப்பா, புது மாப்பிள்ளை மாதிரி சிணுங்காத" என்று அந்தப் பெரிய மனுஷன் சிரித்தார். சுற்றிய துணியும் நனைந்தது, சட்டையும் நனைந்து முதுகோடு ஒட்டியது. மதியத்துக்குள் வரப்பில் சாய்ந்துவிட்டார்.

விஷம் என்றால் வாய்வழியாகத்தான் போகும் என்பது எங்கள் எல்லோருக்கும் நினைப்பு. உப்புத் தண்ணீரை ஊற்றி வாந்தியெடுக்க வைத்தோம், முகத்தைக் கழுவினோம். சட்டையை மட்டும் யாரும் கழற்றவில்லை. ஆஸ்பத்திரியில் சட்டையிலிருந்து மருந்து நாற்றம் அடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. கழற்றி எறிந்து, முதுகைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். தோல் வெந்து சிவந்திருந்தது.

மறுநாள் அவருக்குப் பேச்சு வந்தது. கூடவே மேஸ்திரியும் பழப்பையோடு வந்து சேர்ந்தார். "மனசு சரியில்லாம குடிச்சிட்டாருன்னு சொல்லிடும்மா. நீங்க குடியிருக்கிறதும் முதலாளி வீடுதானே" என்றார். ஆஸ்பத்திரிச் சீட்டில் அப்படி எழுதிவிட்டால் பழி முழுக்க இவர் தலையில் விழும். தோட்டத்தில் யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

டாக்டரம்மா வந்தார். "மருந்து எப்படி உள்ள போச்சு? நீங்களே சொல்லுங்க."

கால்மாட்டில் நின்ற மேஸ்திரியைப் பார்த்துவிட்டு, "நான்தான் குடிச்சேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் கையில் குளுக்கோஸ் ஏறாமல் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். தோளைப் பிடித்து அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். "டாக்டரம்மா, குடிச்சவருக்கு முதுகு ஏன் வேகணும்? கேளுங்க."

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். என் வீட்டுக்காரர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். வீட்டை நினைத்துப் பயந்தார், மனுஷன்.

"பொம்பளை பேச்சைக் கேட்டா குடும்பம் தெருவுலதான் நிக்கும்" என்றார் மேஸ்திரி.

"நின்னுட்டுப் போறோம். அந்த ஒழுகுற டேங்கை இன்னிக்கு யாரு தூக்கியிருக்கா? அதைச் சொல்லுங்க."

"யாரு தூக்குவா? இவரு தம்பிதான். ஆள் கிடைக்கலையே" என்றார், ஏதோ மழை பெய்ததைச் சொல்வதுபோல.

என் வீட்டுக்காரர் கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார்.

"எழுதிக்கோங்க டாக்டர். நான் குடிக்கல. யாராவது ஓடிப்போய் என் தம்பியோட சட்டையைக் கழட்டுங்க."