அட்டையில் எழுதிய அண்ணன்

நாற்பத்தேழாம் பக்கத்தில் வேலுசாமி இருந்தார். புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. சத்தியபிரியா டீச்சர் கம்ப்யூட்டரில் எடுத்து, கிளிப் போட்டுக் கொடுத்த நாலு தாள்தான் அது. படித்துப் பார்த்து, சரியாக இருந்தால் கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டு வைக்கும்படி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்வாளாம். வேலுசாமிக்கு மூன்றாம் வகுப்புப் படிப்பு, அதுவும் சிலோனில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தது. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். அப்படிப்பட்டவர் மூன்று நாளில் அந்த நாலு தாளை ஒன்பது தடவை படித்துவிட்டார்.

சத்தியபிரியா கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவளுடைய தாத்தாவும் சிலோனிலிருந்து கப்பல் ஏறி வந்தவர்தான். அப்படி வந்து இந்த மலையில் குடியேறிய குடும்பங்கள் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தன, அங்கே கல்யாணம் காட்சி எப்படி நடந்தது, யாருக்கு யார் என்ன உறவு என்றெல்லாம் கேட்டு ஒரு புத்தகம் போடுகிறாள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் கடைசியில் ஒரு கொடிவழிப் படம் உண்டு. பெருமாள்மலைக்கு மேலே இருக்கிற இந்தக் குடியிருப்பில் எல்லோரும் வலியக் கூப்பிட்டுக் கதை சொன்னார்கள். சொன்னவர்களில் பாதிப் பேருடைய தாத்தா அங்கே ஆட்களை மேய்க்கிற தலைக் கங்காணியாக இருந்திருக்கிறார். அந்தப் புத்தகத்தை நம்பினால் சிலோனில் கொழுந்து பறிக்க ஆளே இருந்திருக்காது. வேலுசாமி மட்டும் நடந்ததைச் சொல்லித் தொலைத்துவிட்டார்.

நடந்தது இதுதான். ஊருக்கெல்லாம் வேலுசாமி மூக்கையாவின் மூத்த மகன், பூம்பாறையில் வாழ்க்கைப்பட்டிருக்கிற வீரம்மாவுக்கு அண்ணன். ஆனால் மூக்கையா அவருக்கு அப்பா இல்லை, தாய்மாமன். வேலுசாமியைப் பெற்றவள் மூக்கையாவின் தங்கச்சி சின்னத்தாயி. அப்பன் முகம் அவருக்குத் தெரியாது. சின்னத்தாயி அவருடைய பதினோராம் வயதில் காய்ச்சலில் செத்துப்போனாள். தேயிலை மலைக்குக் கீழே, ஓடையோரம் புதைத்தார்கள்.

அந்த லயத்தில், தோட்டத்து ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், ஒரு வழக்கம் இருந்தது. அண்ணன் வீட்டில் பெண் பிறந்தால், பையன் வைத்திருக்கிற அத்தைக்காரி முதல் ஆளாகப் போய்க் குழந்தையின் கையில் வசம்பு வளையல் கட்டிவிட்டு, இது எங்கள் வீட்டுக்கு என்று நாலு பேர் காதில் விழச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது, பிறகு வேறு யாரும் கேட்டு வரமாட்டார்கள். வீரம்மா பிறந்தபோது சின்னத்தாயி காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்குக்கூடப் போகாமல் ஓடிப்போய்க் கட்டினாள். அன்றைக்கு ஒரு நாள் பேர் விழவில்லை என்று கங்காணி கத்தினானாம். ஏழு வயது வேலுசாமி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார்.

எழுபத்திரண்டில் மூக்கையாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. பெண்டாட்டி, மகள் வீரம்மா, அவர் என்று மூன்று பேருக்கு. தங்கச்சி மகனுக்குப் பிறப்புப் பத்திரம்கூட இல்லை. மருமகன் என்றெல்லாம் எழுத முடியாது, மகன் என்று எழுது, இல்லையென்றால் விட்டுவிட்டுப் போ என்று தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் சொல்லிவிட்டார். மூக்கையா மகன் என்று எழுதினார். கடலைத் தாண்டிப் போய்விட்டால் யார் கேட்கப் போகிறார்கள் என்பது அவருடைய நினைப்பு. வழியெல்லாம் பையனுக்கு ஒரே பாடம்தான்: மாமா என்று கூப்பிடாதே, அப்பா என்று சொல். ஆறு வயது வீரம்மாவுக்கும் அண்ணன் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அவள் கப்பல் கரை சேருவதற்குள்ளேயே பழகிக்கொண்டாள். பதின்மூன்று வயது வேலுசாமிக்குத்தான் நாக்கு வரவில்லை.

மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையிலும் மகன் என்றே ஏறியது. அந்த அட்டையைப் பார்த்துத்தான் வீடு கொடுத்தார்கள், வேலை கொடுத்தார்கள். பொய்ப் பேர் எழுதியவன் ஒருத்தனின் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே தள்ளிவிட்டார்கள் என்று முகாமில் ஒரு பேச்சு. யாரைத் தள்ளினார்கள், எங்கே தள்ளினார்கள் என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஆனாலும் அந்தப் பேச்சு மூக்கையாவைச் சாகிறவரைக்கும் விடவில்லை. மலைக்கு வந்த மூன்றாம் வருஷம் அவர் மனைவி இறந்துபோனாள். வேறு தோட்டங்களிலிருந்து வந்த ஜனங்களுக்கு நடுவே அப்பா, மகன், மகள் என்று மூன்று பேர் ஒரு கூரைக்குக் கீழே இருந்தார்கள்.

வீரம்மாவுக்குப் பதினெட்டு ஆனது. வேலுசாமிக்கு இருபத்தைந்து, மரத்தில் பட்டை உரிக்கிற வேலை. அவள் தலைச்சுமை விறகோடு சரிவில் இறங்கி வந்தால் இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உளியைத் தீட்டுவார். அவருக்கு அவள்மேல் ஆசை இருந்தது. அதை ஆசை என்று சொல்லக்கூட அவருக்கு உரிமை இல்லாமல் போய்விட்டது. மூக்கையாவுக்கும் இது தெரியும். ஒரு நாள், ஊர்ப் பெரிய மனுஷர்களிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். டீக்கடை வரைக்கும் போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். பன்னிரண்டு வருஷம் அண்ணன் தங்கச்சியாகப் பார்த்த ஊரில், நாளைக்குத் தாலி கட்டப் போகிறார்கள் என்று எந்த வாயால் சொல்வது? அடுத்த வருஷம் வீரம்மாவைப் பூம்பாறையில் பூண்டு போடுகிற குடும்பத்தில் கொடுத்தார்.

பெண்ணின் அண்ணன் என்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் வேலுசாமி செய்தார். மாப்பிள்ளையின் காலுக்குத் தண்ணீர் ஊற்றி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வந்தார். மச்சானுக்கென்று போட்ட மோதிரத்தை வாங்கிக்கொண்டார். அதை அடுத்த மாதமே வேறு யார் கல்யாணத்திலோ மொய்யாக வைத்துவிட்டார். வீரம்மாவின் மகன் ஜெயச்சந்திரனுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியாக உட்கார்ந்ததும் அவர்தான். மூக்கையா இறந்தபோது மகனாகக் கொள்ளி வைத்தார். தனக்கென்று மட்டும் ஒரு பெண்ணும் வேண்டாம் என்றுவிட்டார். கொஞ்ச நாள் கேட்டுப் பார்த்துவிட்டு ஊர் அவருக்குச் சாமியார் என்று பேர் வைத்தது. இப்போது அறுபத்தைந்து வயது. வாரத்தில் பாதி நாள் அவர் வாயிலிருந்து வருகிற பேச்சு, கடையில் பால் கேட்பது ஒன்றுதான்.

இதையெல்லாம் ஐம்பது வருஷம் யாரிடமும் சொல்லாதவர், டீச்சர் போனை மேஜைமேல் வைத்துவிட்டு, உங்கள் பக்கத்துக் கல்யாண முறை என்னங்கய்யா என்று கேட்டதும், வசம்பு வளையலில் ஆரம்பித்து ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். அவளும் அப்படியே எழுதிவிட்டாள். சின்னத்தாயி மகன் வேலுசாமி, அவருடைய முறைப்பெண் வீரம்மா. அச்செழுத்தில் அதைப் பார்த்தபோது அவருக்கு அழுகை வந்தது. சாகிறதற்குள் ஒரே ஒரு இடத்திலாவது இது எழுத்தில் இருக்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. கையெழுத்துப் போடப் பேனாவையும் எடுத்தார். பிறகு, அவளைக் கேட்காமல் அவள் பேரைப் போடலாமா என்று தோன்றியது. சனிக்கிழமை வெள்ளனே கிளம்பி, கொடைக்கானல் போய், பூம்பாறை பஸ்ஸில் ஏறினார்.

போகிற வழியில் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டே போனார். அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன நினைவிருக்கும்? கேட்டதும் முதலில் அதிர்ந்துபோவாள். அப்புறம் கொஞ்சம் அழுவாள். அப்புறம், இத்தனை வருஷமும் இதையா மனசில் வைத்துக்கொண்டிருந்தாய் என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர் போனார் என்று சொன்னால் தப்பில்லை.

வீரம்மா வாசலில் பூண்டைப் பரப்பிப் போட்டு வாலை நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் போய் ஆறு வருஷம் ஆகிறது. மருமகள் சுதாராணி, வாங்க பெரியவரே என்று காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஜெயச்சந்திரன் தோட்டத்தில் இருப்பதாகச் சொல்லிவிட்டு அவளும் அங்கே கிளம்பிப் போனாள். அவள் தலை மறைகிற வரைக்கும் வேலுசாமி பனியையும் பூண்டு விலையையும் பற்றிப் பேசினார். அப்புறம் பையிலிருந்து தாளை எடுத்து, ஒரு விஷயம் வாசிக்கிறேன், கேட்டுக்கோ என்றார்.

எழுத்துக் கூட்டி வாசிக்க அரை மணி நேரம் ஆனது. முறைப்பெண் என்கிற இடத்தில் ஒரு தடவை நின்று மேலே போனார். வீரம்மா தலையைத் தூக்கவில்லை. கத்தியும் நிற்கவில்லை. முடித்துவிட்டு அவர் தாளை மடித்தார். அவள்தான் முதலில் பேசினாள்.

"எனக்குத் தெரியும்ணே. அப்பா சாகறதுக்கு நாலு நா முந்திச் சொல்லிட்டாரு."

மூக்கையா இறந்து இருபது வருஷம் ஆகிறது. தெரிந்துமா ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று மட்டும் கேட்டார் வேலுசாமி.

"கேட்டு என்ன செய்யச் சொல்ற? தெரிஞ்ச பெறகும் அண்ணன்னுதான கூப்பிட்டேன். தெரியாமக் கூப்பிடலண்ணே."

அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. இருபது வருஷம், ஒருத்தரே சுமந்ததை இரண்டு பேராகச் சுமந்திருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள் பேசியிருந்தால் போதும். அவள் பொங்கலுக்குப் பொங்கல் வேட்டி எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவளைப் போலவே இருந்திருக்கிறாள். அவளோ கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுக்குள்ளே யாரும் இல்லை என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"இது புஸ்தகத்துல வந்தா ஊரு என்ன சொல்லும் தெரியுமா? இவ நாப்பது வருஷமா மொறமாப்பிள்ளைய வீட்டுக்குள்ள விட்டுட்டு, அண்ணன்னு பேரு சொல்லியிருக்கான்னு பேசுவாங்க. எம் புருசன் இல்ல, வந்து பதில் சொல்றதுக்கு. எம் மவனுக்குக் காது குத்தினது யார் மடியிலன்னு கேப்பாங்க."

இதை அவர் யோசித்தே பார்க்கவில்லை. பஸ்ஸில் அவ்வளவு தூரம் கணக்குப் போட்டவருக்கு இந்த ஒன்று தோன்றாமல் போனதை நினைத்து வெட்கமாக இருந்தது.

"ஊர விடு," என்றாள் வீரம்மா. "கூடப் பொறந்தவன்னு எனக்கு இருக்கறது நீ ஒருத்தன்தான். அந்த ஒண்ணையும் எடுத்துட்டுப் போயிராதண்ணே."

அப்போது அவள் அழுதாள். அவர் எதிர்பார்த்து வந்த அழுகை இல்லை அது. அவளுடைய அண்ணனை யாரோ கொண்டுபோகப் பார்க்கிறார்கள் என்று அழுகிறாள். கொண்டுபோக வந்தவனும் அவனேதான். வேலுசாமி தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சரி, அழாதே, எழுத வேண்டாமென்று டீச்சரிடம் சொல்லிவிடுகிறேன் என்றார். அண்ணன்மார் தங்கச்சிகளைத் தேற்றுகிற மாதிரிதான் சொன்னார், அவருக்கு வேறு மாதிரிப் பேசத் தெரியாது.

மத்தியானம் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். ஜெயச்சந்திரன், என்ன மாமா இளைச்சுட்டீங்க என்று கேட்டுவிட்டு, பைக்கில் கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிட்டான். மடியில் ஒரு பை பூண்டு இருந்தது. ஏறியதிலிருந்து இறங்குகிற வரைக்கும் அவருக்குள் ஒன்றுமே ஓடவில்லை. வீடு வந்து கதவைத் திறந்தபோதுதான், இனிமேல் இதை நினைத்துக்கொள்ளவும் தனக்கு இடமில்லை என்று தோன்றியது. முன்னேயாவது, அவளுக்குத் தெரிந்தால் என்ன சொல்வாளோ என்று ஒரு நினைப்பு துணைக்கு இருந்தது. அவள் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சத்தியபிரியா வந்தாள். மூக்கையாவின் மகன் என்றே எழுதிவிடுங்கள், வீரம்மா என் தங்கச்சி, மற்றதெல்லாம் கிழவன் உளறியது என்றார் வேலுசாமி. அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. இந்தப் புத்தகத்திலேயே உண்மை என்று உங்களுடையது ஒன்றுதானே இருந்தது, மற்றவர்களெல்லாம் தலைக் கங்காணி பேரன்கள் என்று புலம்பினாள். அதைக் கேட்டு அவருக்கும் சிரிப்பு வந்தது. பேரை மட்டுமாவது மாற்றிப் போடலாமா என்று கேட்டாள். கப்பலில் வந்த வருஷத்தையும் பூம்பாறையையும் வைத்தே யாரென்று சொல்லிவிடுவார்கள் என்றார். அப்புறம் அவள் வற்புறுத்தவில்லை. உட்கார்ந்து பேனாவால் ஒவ்வொரு வரியாக அடித்தாள்.

கடைசியாகக் கொடிவழிப் படத்துக்கு வந்தாள். மூக்கையாவுக்குக் கீழே வேலுசாமி, வீரம்மா என்று இரண்டு கோடு இழுத்தாள். பக்கத்தில் சின்னத்தாயி இருந்தாள். அவளிடமிருந்து வேலுசாமிக்கு இறங்கிய கோட்டை அடித்துவிட்டு, பேனாவை அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இங்க என்னங்கய்யா போடுறது? வேண்டாம்னா அந்தப் பேரையே எடுத்துடலாம். மூக்கையா மட்டும் இருந்தாப் போதும்."

வேலுசாமி படத்தைப் பார்த்தார். எடுத்துவிட்டால், சின்னத்தாயி என்று ஒருத்தி இருந்தாள் என்பதற்கு இந்த உலகத்தில் வேறு எழுத்துக் கிடையாது. ஓடையோரத்தில் கல்கூட நடவில்லை. சும்மா விட்டால், மற்ற எல்லாருக்கும் கீழே கோடு இறங்கும்போது இவளுக்கு மட்டும் ஏன் இல்லை என்று யாராவது கேட்பார்கள். ஜெயச்சந்திரன் விவரமானவன், அவனே கேட்பான்.

"பேரு இருக்கட்டும்மா," என்றார். "கீழ, பிள்ளை இல்லைன்னு போட்டுருங்க."

டீச்சர் எழுதவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலுசாமி அவள் கையிலிருந்து பேனாவை வாங்கி, தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, அம்மாவின் பேருக்குக் கீழே ஒவ்வொரு எழுத்தாகத் தானே எழுதினார்: பிள்ளை இல்லை.