நாடாப் புண்

பாவாடை நாடாவின் முடிச்சு அவிழ மாட்டேன் என்றது. வியர்வையிலும் தண்ணீரிலும் ஊறி இறுகிப் போயிருந்தது. ராணியம்மாள் நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாள். உடலைக் கிடத்தியிருந்த பெஞ்சைச் சுற்றிப் பழைய புடவையை மறைப்பாகப் பிடித்தபடி பெண்கள் நின்றார்கள். சொம்பும் கையுமாக நின்ற மகள் கோகிலவாணி, "அறுத்துடு அத்தை" என்றாள்.

"இன்னாடி அவசரம்? எங்கண்ணி இனிமே எங்க போவப் போறா?"

முடிச்சு அவிழ்ந்தது. அம்மாவின் இடுப்பில் தண்ணீர் வழிந்தபோது, நாடா பதிந்த தடத்தில் மிளகளவுக்குக் கறுப்பாக ஒரு பொருக்கு தெரிந்தது. பீடி நெருப்பை வைத்து அணைத்தாற்போல் கருகி, ஓரம் சிவந்திருந்தது.

"அத்தை, இது இன்னாது?"

"நாடா புண்ணுதான். நாள் பூரா குனிஞ்சி கரும்பு சோகை உரிக்கிறவ இடுப்புல பூவா பூக்கும்? தண்ணிய ஊத்து."

கோகிலவாணியின் கை நின்றுவிட்டது. தியாகதுருகத்து டாக்டர் இதைத்தானே கேட்டார்!

அவள் வாழ்க்கைப்பட்டது அந்த ஊரில்தான். அம்மாவுக்குக் காய்ச்சல் விடவில்லை என்று அப்பா போன் செய்ததும், அவளேதான் அழைத்துப் போனாள். அதுவரை ஊசி போட்டால் காய்ச்சல் இறங்கும், அம்மா செவ்வந்தி கரும்புக் காட்டுக்குக் கிளம்பிவிடுவாள், மறுபடி ஏறும்.

"உடம்புல எங்கயாவது கருகுன மாதிரி புண்ணு இருக்காம்மா? அக்குள்ல, இடுப்புல? புதர்ல இருக்கிற சின்னப் பூச்சி கடிச்சா அப்படி வரும். வலிகூட இருக்காது" என்றார் டாக்டர்.

செவ்வந்தி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நெளிந்தாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க சார்."

பொய் சொல்லவில்லை, பாவம். நாடாப் புண்ணையெல்லாம் யார் புண்ணென்று கணக்கில் வைப்பார்கள்? டாக்டர் வேறு ஏதோ காய்ச்சலுக்கு மருந்து எழுதினார். கோகிலவாணியும் தலையாட்டிவிட்டு வந்தாள்.

கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அம்மாவுக்கு மூச்சு முட்டியது, கண்ணெல்லாம் மஞ்சள். "பூச்சிக் காய்ச்சலாத்தான் இருக்கணும். ஆரம்பத்துலயே தெரிஞ்சிருந்தா மாத்திரையிலயே சரியாயிருக்கும்" என்றாள் டாக்டரம்மா. மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். வெள்ளம் தலைக்கு மேல் போயிருந்தது.

வாசலில் அப்பா மாயவன் வருகிறவர்களிடமெல்லாம், "காய்ச்சலுங்க. வெறும் காய்ச்சலுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ, "விதி" என்றார்கள். கோகிலவாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விதியாம், விதி! மிளகளவுக்கா இருக்கும் விதி?

மஞ்சள் கிண்ணத்தை வாங்கும்போது அத்தையின் விரல் அவள் மேல் பட்டது. சுட்டது.

"உன் கை இன்னா இப்பிடி கொதிக்குது?"

"முந்தாநேத்துலருந்து காயுது. அண்ணி கெடந்த கெடப்புல அதையெல்லாம் யாரு பாத்தா?"

"நீயும் அம்மாகூடதான அந்தக் காட்டுல வேல செஞ்ச?"

"பின்ன? எல்லாரும் ஒரே காட்டுலதான்."

"உன் நாடாவ அவுத்துக் காட்டு அத்தை."

"பொணத்த வெச்சிக்கினு பேசற பேச்சாடி இது?"

"அவுத்துக் காட்டு அத்தை. உன் கால்ல வுழுறேன்."

ராணியம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி நின்று முடிச்சைத் தளர்த்தினாள்.

இடுப்பைச் சுற்றி ஒரே கறுப்பு. காய்த்துப்போன தோல், பழைய தழும்பு, உரிந்த இடம், பொருக்குக் கட்டிய இடம். இதில் எது நாடா, எது பூச்சி? கோகிலவாணி விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"இங்க வலிக்குதா?"

"அதெல்லாம் எப்பவோ மரத்துப் போச்சிடி."

"இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போவலாம் அத்தை. மாத்திரை கீதாம்."

"எங்கண்ணிய எடுக்காம நான் தெருவத் தாண்டுவனா? காரியம் முடியட்டும், பாத்துக்கலாம்."

"அம்மாவும் இப்பிடித்தான் சொல்லிக்கினு இருந்திச்சி."

அத்தை நாடாவை இறுக்கி முடிந்துகொண்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். இந்தக் கூட்டத்தில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டா போக முடியும்?

மறைப்பைப் பிடித்திருந்த கலையரசி மெல்லக் கூப்பிட்டாள். அவளும் அதே காட்டில் வேலை செய்தவள்தான்.

"அக்கா, எனக்கும் ஒண்ணு கறுப்பா கீது. இது இன்னான்னு பாரேன்."

ஒரு கையில் மறைப்புப் புடவை, மறு கையில் நாடா முடிச்சு. அவளுக்கு அடுத்து நின்றவளும் இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனாள்.

பார்த்துச் சொல்ல கோகிலவாணிக்கு என்ன தெரியும்? சொம்பைக் கீழே வைத்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அவர்கள் முன்னால் குனிந்தாள்.