ஊறிப்போன மக்ரோனி

23.10.1968, புதன். மக்ரோனியைக் காலையிலேயே ஊறப்போட்டது என் பிழை. கிருஷ்ணம்மா சொன்னதை அப்படியே செய்திருக்கலாம்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஹமீமா பேனாவை வைத்தாள்.

அக்காவின் பிள்ளைப்பேற்றுக்காக உம்மா பல்லேபொலைக்குப் போனதிலிருந்து அடுப்படி ஹமீமாவின் தலையில் விழுந்திருந்தது. "உம்மா வாற வரைக்கும் டைப்ரைட்டிங் கிளாஸ நிப்பாட்டு" என்றார் அவளுடைய மூத்த சகோதரர் லாபிர் நானா. அவள் அழாத குறையாகக் கெஞ்சியதில் ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தார். இரவுத் தொழுகைக்கான இஷா பாங்குக்கு முன்னால் சாப்பாடு தயாராக வேண்டும். ஒருநாள் பிந்தினாலும் வகுப்பு நின்றுவிடும்.

வகுப்பு விட்டு வீடு வரப் பொழுதுசாய்ந்து மஃரிப் ஆகிவிடும். அதற்குப் பிறகு இஷாவுக்கு ஒரு மணித்தியாலம்தான். அவள் படும் பாட்டைக் கண்டு, பக்கத்து மெஷினில் தட்டச்சு பழகும் கிருஷ்ணம்மா ஒரு பக்கற் மக்ரோனி கொண்டுவந்து கொடுத்தாள். அவளுடைய மாமா எல்கடுவைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சமையல் செய்கிறவர்.

"தண்ணி நல்லா கொதிக்கணும். பத்தே நிமிஷம். மரக்கறிய வதக்கிப் பெரட்டிரு. பயப்படாத புள்ள!"

விறைத்துக் கிடந்த அந்தக் குழல்களைப் பார்த்தபோது ஹமீமாவுக்குப் பத்து நிமிடத்தில் நம்பிக்கை வரவில்லை. கடலையே ஊறாமல் வேகாதே. எதற்கும் இருக்கட்டுமென்று காலையில் பாதிப் பக்கற்றைச் சட்டியில் கொட்டி, தண்ணீர் ஊற்றி மூடிவைத்தாள்.

மாலையில் மூடியைத் திறந்தாள். சட்டிக்குள் குழலுமில்லை, ஒன்றுமில்லை, பசைதான் இருந்தது. இனி அரிசி களைந்து உலையேற்ற நேரமில்லை. மழையில் நனைந்த விறகு வேறு புகைந்துகொண்டிருந்தது. அவசர அவசரமாகக் கரட், லீக்ஸ், போஞ்சியை அரிந்து வெங்காயத்தோடு வதக்கி, பசையை அதில் கொட்டினாள். எல்லாம் ஒரே உருண்டையாகத் திரண்டது. வேறு வழி தெரியாமல் தேங்காய் துருவிப் பாலைப் பிழிந்து ஊற்றி, இஞ்சியும் மிளகும் வாசத்துக்கு ரம்பை இலையும் போட்டுக் கிண்டினாள். வாசலில் நானாவின் செருப்புச் சத்தம் கேட்டது.

கோப்பையை அவர்முன் வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"என்ன புள்ள, நோம்புக்கு இன்னும் ஒரு மாசம் ஈக்கே, இப்பவே கஞ்சியா?"

"மக்ரோனி, நானா."

"இதயா வெள்ளக்காரன் தின்ற?" ஒரு வாய் குடித்தார். "பாவம் அவன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காதெல்லாம் பள்ளிவாசல் பக்கமே இருந்தது. நானா ஊதி ஊதிக் குடித்து முடித்து, கோப்பையை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து."

இரண்டாவது அகப்பை விழும்போது பாங்கு எழுந்தது. அவர் நின்றபடியே அதையும் குடித்துவிட்டுத் தொப்பியை எடுத்தார்.

"நேரத்துக்குத் தந்தது சரி. நாளைக்குக் கடிச்சுத் தின்ற மாதிரி ஏதாச்சும் தா."

"அப்ப கிளாஸ், நானா?"

"போகாட்டி நாள் முழுக்க இதயா கிண்டப் போற? போ, போ."

அவர் பள்ளிவாசலுக்குப் போன பிறகுதான் ஹமீமா எழுத உட்கார்ந்திருந்தாள். மறுபடி பேனாவை எடுத்தாள்.

நாளை: மீதிப் பாதியை ஊறப்போடக் கூடாது. கொதிக்கிற தண்ணீரில் போட்டு, பத்து நிமிடத்தில் இறக்க வேண்டும்.