மறுத்துப் பேசினா கன்னிப்போற உடம்பு

நான் உங்க மகன் ஜெகபர் சாதிக், இருபத்திமூணு வயசு, ஷார்ஜாவுல ரூம்ல மேல் கட்டில்ல கெடக்கேன். நீங்க ஃபோன எடுக்கல அத்தா, அதான் வாயால சொல்லி டைப் பண்றேன். என் தாத்தா, நம்ம நன்னா பரக்கத் அலிய யாராவது மறுத்துப் பேசினா அவரு உடம்பு கன்னிப்போகும். நாவப்பழ சைஸ்ல, நாவப்பழ நெறத்துல.

தென்னூர் வீட்டுல அவருக்கு முன்ன பொறந்த புள்ளைங்க தங்கல. அதனால அவரு எது சொன்னாலும் எல்லாரும் ஆமான்னாங்க. கொட்டுற மழையில வெயில் அடிக்குதும்பாரு. அவங்கம்மா நஜீமா "ஆமாத்தா"ன்னு மொளகாய மாடியில காயப் போடுவாங்க. மொளகா அழுகும், அதையும் யாரும் சொல்ல மாட்டாங்க.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தெட்டுல காலேஜ் சேந்தாரு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்க பேச்சு மன்றம். ஸ்ரீரங்கத்துலேருந்து வந்து படிச்ச ராசாத்தி எந்திரிச்சு, "நீங்க சொல்றது தப்புங்க"ன்னாங்க. நன்னா கன்னத்துல மொத காயம் அப்பதான் வந்துச்சு. மறுநாளே நஜீமா ஜட்கா வண்டி பிடிச்சு பிரின்ஸ்பால்கிட்ட போய் அழுதாங்க. அவரு நல்ல மனுஷன், அதான் வினையாப் போச்சு. இனிமே மன்றத்துல ஒரே பக்கம்தான், எதிர்ப்பேச்சு கெடையாதுன்னு உத்தரவு போட்டாரு. பாதுகாப்பாம்! நெனச்சா இன்னும் பத்திக்கிட்டு வருது. ரெண்டு வருஷத்துல காலேஜ் பசங்க மொத்தமும் கன்னிப்போக ஆரம்பிச்சாங்க. கணக்கு தப்புன்னு வாத்தியார் சொன்னா கையில வீக்கம். பஸ் அங்க போகாதுன்னு கண்டக்டர் சொன்னா நெத்தியில வீக்கம். வீக்கத்துக்குப் பயந்து மார்க்கெட்டுல ஒருத்தனும் பேரம் பேசாததால கத்தரிக்கா வெல ஏறுச்சு.

கடைசி வருஷம் நன்னா ஸ்ரீரங்கம் போனாரு. மொட்டைக் கோபுரத்துக்கிட்ட பஸ்ஸுக்கு நின்ன ராசாத்திகிட்ட, "நான் பேசுறது சரியான்னு எனக்கே தெரியலங்க. நீங்க மறுத்துப் பேசணும்"னாரு.

"தாங்குவீங்களா?"

"தாங்கலேன்னா பஸ் ஏத்தி விட்டுருங்க."

பஸ் பஸ்ஸாப் போச்சு, அவங்க மறுக்குறத விடல. தலையிலேருந்து கால் வரைக்கும் ஊதாவாகி நின்ன நன்னா, "இல்லங்க, நீங்கதான் தப்பு"ன்னாரு. ராசாத்தி முழங்கையில ஒரு காயம் வந்துச்சு. அதப் பாத்து அவங்க சிரிச்சாங்க. "இப்பத்தான் வாயத் தொறந்திருக்கீங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் உத்தரவ மீறி மன்றத்துல ஏறி நின்னு பேசுனாங்க. கேட்ட பசங்களும் எந்திரிச்சு ஆளாளுக்கு மறுத்தாங்க. எல்லாரும் வீங்கிப் போய் வெளிய வந்தாங்க, ஒருத்தரும் சாகல. ஞாயித்துக்கெழம எல்லாம் வத்திப்போச்சு. மறுநா மழையில வீட்டுக்கு வந்த நன்னா, பழக்கத்துல வெயில் அடிக்குதுன்னாரு. நஜீமா மொத தடவையா, "இல்லத்தா, மழை பெய்யுது"ன்னாங்க. அவரு புது வீக்கத்தத் தடவிக்கிட்டே போய் மொளகாய எடுத்து வந்தாரு. அப்புறம் தெனமும் யாராவது மறுத்ததால கடைசி வரைக்கும் காயத்தச் சுத்தித்தான் சவரம் பண்ணாரு.

காலேஜ் மன்றத்துல பேசிட்டு வந்த தங்கச்சி ஆபிதா கையில ஊதாவா வந்திருக்காம், இனி அனுப்ப மாட்டேன்னீங்களாம். அது நம்ம குடும்பத்து உடம்பு, ரெண்டு நாள்ல வத்திடும். வெள்ளிக்கிழமை அவளப் பேசப் போக விடுங்க அத்தா.