பரஸ்தானம்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு என் மாமியார் சொர்ணம் ராயப்பேட்டைக்கு வந்து, மஞ்சள் துணியில் கட்டிய ஒரு பொட்டலத்தை என் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். உள்ளே அவருடைய இளைய மகள் ஜெயபாரதியின் ஹால் டிக்கெட், பேனா, ஒரு கைக்குட்டை, ஒரு கொட்டைப்பாக்கு. வைத்துவிட்டுக் கும்பிட்டார். கீழ்த்தட்டில் மூத்த மகளின் படம் இருந்தது. அதைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பியே பேசினார்.

“நாளைக்குச் சனிக்கிழமை. கிழக்கே சூலம். தி. நகர்லேருந்து மயிலாப்பூர் கிழக்கதான? அதான் இன்னிக்கே நல்ல நேரத்துல பரஸ்தானம் வச்சிட்டேன். அவ இன்னிக்கே கிளம்பிட்டதாக் கணக்கு. நாளைக்கு ஒம்பது மணிக்கு இங்க வந்து எடுத்துக்கிட்டு நேரே பரீட்சைக்குப் போயிருவா. இங்கேருந்து தெக்கதான். தோஷமில்ல. பாத்துக்கிடுங்க மாப்பிள்ளை.”

“பாத்துக்கிடுதேன் அத்தை.”

நான் பி.எஸ்ஸி. படித்தவன். மவுண்ட் ரோட்டில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. இதையெல்லாம் கேட்டால் சிரிக்கிறவன். ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை என் மனைவி மீனாட்சிக்கு வலி கண்டது. அன்றும் கிழக்கே சூலம். ஒரு வாய் தயிர் சாப்பிட்டுவிட்டுப் போனால் தோஷமில்லை என்று அத்தை கிண்ணத்தோடு வாசலுக்கு ஓடிவந்தார். நான் சிரித்துக்கொண்டே டாக்ஸிக் கதவைச் சாத்தினேன். மூன்றாம் நாள் மீனாட்சி போய்விட்டாள். குழந்தை அதற்கு முந்தின இரவே போய்விட்டது. அத்தை ஒரு நாளும் அந்தத் தயிரைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. ஆனால் இந்த முறை தயிரை நம்ப அவர் தயாராக இல்லை. நானும் சிரிக்கவில்லை.

மாமா இசக்கிமுத்துவுக்குத் தி. நகரில் பாத்திரக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷம் ஆகிறது. தை மாதத்தில் ஒரு நாள் என்னைக் கடைக்கு வரச் சொல்லி, காப்பி வாங்கிக்கொடுத்து, அடுக்குப் பானைகளைப் பார்த்தபடி சொன்னார்.

“பாரதி ஒரே தடவையில ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கிட்டா எம்.எஸ்ஸி. படிக்கட்டும். நான் குறுக்க நிக்க மாட்டேன். வாக்குக் குடுத்தாச்சு. இல்லன்னா ஆவணியில கல்யாணம். அக்கா வாழ்ந்த வீடு, புதுசா யாரையும் தேட வேண்டாம். வருஷம் திரும்புறதுக்குள்ள முடிச்சிரணும் மாப்ள.”

மாப்பிள்ளை யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. நான் காப்பியைக் குடித்து முடித்தேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த மாதங்களில் என்னிடம் எதைக் கேட்டாலும் அப்படித்தான் இருந்தேன். ஓட்டலில் சர்வர் சாம்பாரா ரசமா என்று கேட்டால்கூட அவன் ஊற்றுகிறதைச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாரதிக்குக் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கப் போவேன். அது மீனாட்சி இருந்தபோதே உள்ள வழக்கம். உண்மையில் சொல்லிக்கொடுக்க அதிகம் இருக்கவில்லை. அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் கோணிச் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பாள். சுற்றிலும் நோட்டுகள், காற்றில் பறக்காமல் இருக்கக் கடையில் ஒடுங்கிப்போன பித்தளை டம்ளர்கள். ஒவ்வொரு பாடத்தையும் மூன்று தரம் பார்க்காமல் எழுதிப்பார்ப்பாள். எழுதின தாள்களை அத்தை அடுப்புப் பற்றவைக்க எடுத்துப்போவார். பரீட்சை நெருங்க நெருங்க அவளுடைய வலது கை நடுவிரலில் பேனா அழுத்திய இடம் காய்த்து, மசி ஏறி, கழுவினாலும் போகாமல் நீலமாகவே இருந்தது. சிநேகிதிகள் யாராவது வந்து இந்தக் கேள்வி நிச்சயம், அந்தக் கேள்வி வராது, எங்கள் லெக்சரரே ஜாடையாகச் சொன்னார் என்பார்கள். “எனக்கு நிச்சயம் வேண்டாம்டீ. எல்லாத்தையும் படிச்சிட்டாப் போச்சு” என்பாள்.

மாசியில் ஒரு ஞாயிறு, புத்தகத்திலிருந்து தலை எடுக்காமல் கேட்டாள்.

“அத்தான், அப்பா கேட்டப்போ நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லல.”

“வேண்டாம்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். நீங்க சொன்னா அப்பா கேப்பாங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க.”

“பரீட்சை முடியட்டும்” என்றேன்.

அவள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். பிறகு ஒரு டம்ளரை எடுத்து வேறு தாளின்மேல் வைத்தாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இன்னும் அதிகமாகப் படித்தாள்.

சனிக்கிழமை அவளைக் கூட்டிப்போவதற்காகவே லீவு போட்டிருந்தேன். ஆறரைக்கு எழுந்தேன். குளித்தேன். வாசலில் பக்கத்துக் குடித்தனக்காரர்கள் டின்களோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். டிப்போவில் மண்ணெண்ணெய் வந்திருக்கிறதாம். எழுபத்து நாலில் அது பெரிய செய்தி. மீனாட்சி வாங்கிவைத்த ஐந்து லிட்டர் டின் சமையலறை மூலையில் இருந்தது. எடுத்துக்கொண்டேன். கதவைப் பூட்டினேன். எங்கே போனாலும் சாவியை வீட்டுக்காரம்மாள் ஜமீலுன்னிசாவிடம் கொடுத்துவிட்டுப் போவேன். அன்று நானே வைத்துக்கொண்டேன்.

எட்டுமணிக்குள் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இப்போதும் சொல்லிக்கொள்கிறேன். டிப்போ எட்டரைக்குத்தான் திறந்தது. வரிசையில் ஆட்கள் பாதி, கற்கள் பாதி. உடைந்த பானை, செங்கல், ஒற்றைச் செருப்பு எல்லாம் யாராவது ஒருவருக்காக இடம் பிடித்து நின்றன. ஒரு செங்கலுக்காக இரண்டு பெண்கள் சண்டை போட்டார்கள். எனக்குப் பின்னால் பழக்கடைக்காரர் ஒருவர் நின்றார்.

“இன்னா சார், வூட்ல தொரத்திட்டாங்களா?”

நான் அவரைப் பார்த்தேன்.

“நம்ம வூட்லயும் அதே கதைதான் சார். டின்னு ரொம்பாம வூட்டாண்ட வராதன்னுடுச்சு. நீ பரவால்ல, சட்டை போட வுட்டாங்க. என்னைப் பாரு, பனியனோட ஓடியாந்துக்கினு கீறேன்.”

முன்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆமாம், வீட்டில் காலையிலிருந்து ஒரே சத்தம் என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. எத்தனை குழந்தை என்று அவர் கேட்டார். ஒன்று என்றேன்.

எதிரே டீக்கடையில் கடிகாரம் இருந்தது. ஒன்பது அடித்ததைப் பார்த்தேன். ஒன்பது இருபதையும் பார்த்தேன். எனக்கு முன்னால் பதினோரு பேர். பாரதி வந்திருப்பாள் என்று தெரியும். பத்து மணிக்குப் பரீட்சை என்று தெரியும். வீட்டுக்கு நடந்தால் பத்து நிமிஷம். ஒன்பதரை ஆனது. எட்டுப் பேர். பழக்கடைக்காரர் தன் மூத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். டின்னை நிரப்பிக்கொண்டு நான் கிளம்பியபோது கடிகாரத்தில் பத்தாக ஐந்து நிமிஷம்.

தெருமுனையிலேயே ஜமீலுன்னிசா எதிரே வந்தார். முக்காடு நழுவியிருந்தது.

“யா அல்லா, எங்க போய்ட்டே தம்பி? பொண்ணு எட்டே முக்காலுக்கே வந்துச்சு. அழுவக்கூட இல்ல, நின்னுக்கினே கீது. ஹால் டிக்கெட் உள்ள கீதாமே. நான் பூட்ட ஒடைக்கலாம்னு கல்லே எடுத்தாந்துட்டேன். வேணாம்மா, அத்தான் வந்துடுவாருன்னு சொல்லிச்சு. டிக்கெட் இல்லாமயே போய்க் கேட்டுப் பாரேன்னேன். அதுக்கும், எங்க அத்தான் வந்துடுவாருன்னுதான் சொல்லுது.”

பாரதி கதவோடு கதவாக நின்றிருந்தாள். தலையில் பிச்சிப்பூ. நெற்றியில் விபூதி. என் கையிலிருந்த டின்னைப் பார்த்தாள். நகர்ந்து வழிவிட்டாள். பூட்டைத் திறக்க எனக்கு நேரமானது. சாவி சட்டைப்பையில் இல்லை, வேட்டி மடிப்பில் இருந்தது. கையெல்லாம் எண்ணெய். மஞ்சள் பொட்டலத்தை அவளே எடுத்தாள்.

ஆட்டோ கிடைக்க எட்டு நிமிஷம் ஆயிற்று. லஸ் முனையில் ஒரு சவ ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. பறையும் பூவும் வெடியுமாக முழுத் தெருவையும் அடைத்துக்கொண்டு மெதுவாகப் போனார்கள். ஆட்டோக்காரர் இறங்கி நின்று பீடி பற்றவைத்தார். பாரதி இறங்கி ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். பரீட்சை நடந்த கல்லூரி வாசலை அடைந்தபோது பத்து முப்பத்தாறு. அரைமணி தாண்டினால் யாரையும் உள்ளே விடக் கூடாது என்பது சட்டம். மேற்பார்வைக்கு இருந்த அம்மாள் வெளியே வந்து அவளுடைய ஹால் டிக்கெட்டை இரண்டு முறை படித்துப்பார்த்தார். கெட்டவர் இல்லை. முகத்தில் வருத்தம் இருந்தது.

“எனக்கு அதிகாரம் இல்லம்மா. செப்டம்பர்ல எழுதிடு. ஒரு பேப்பர்தானே.”

“செப்டம்பர்ல எழுதினா ஃபர்ஸ்ட் கிளாஸ் கிடையாதுங்க மேடம்.”

“கிடையாதுதான்” என்றார் அவர்.

திரும்பும்போது பஸ்ஸில் பெண்கள் பக்கம் இடம் இருந்தும் பாரதி உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தி. நகரில் பனகல் பார்க்கில் இறங்கி நடக்கும்போது கேட்டாள்.

“அத்தான், நீங்க ஓட்டல்லதான சாப்பிடுதீங்க?”

“ஆமா.”

“ராத்திரிக்கும்?”

“ராத்திரிக்கும்.”

“பெறகு மண்ணெண்ணெய் எதுக்கு?”

அவள் நின்று காத்திருந்தாள். ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு வேகமாக முன்னால் நடந்துவிட்டாள். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அத்தை வாசல்நடையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். மாமா கடையிலிருந்து வந்துவிட்டார். பாரதி சுவரோரம் நின்றாள். காரணத்தை அவள் இன்னும் சொல்லியிருக்கவில்லை. எனக்காக விட்டுவைத்திருந்தாள்.

“என்ன மாப்ள ஆச்சு?” என்றார் மாமா.

“பஸ் கிடைக்கல மாமா. அப்புறம் வழியில ஒரு சாவு ஊர்வலம்.”

பாரதி என்னையே பார்த்தாள். நான் மாமாவின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“நான் வச்ச நேரந்தான் சரியில்ல” என்றார் அத்தை. “காலண்டர்ல ஒம்பதேகாலுன்னு போட்டிருந்துது. பஸ்ஸு பிந்திப்போயி நான் வைக்கையில நேரம் தாண்டிருச்சோ என்னமோ. எம்புள்ள படிப்ப நானே கெடுத்துட்டேனே.”

அவர் வைத்தபோது மணி சரியாக ஒன்பதேகால். நான் என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முகம் தெளிந்திருந்தது.

“சரி, விடு. எல்லாம் ஒரு கணக்காத்தான் நடக்கு. நீங்க சாப்பிட்டுப் போங்க மாப்ள. ஏ சொர்ணம், எலையப் போடு.”

அவர் சொல்லைத் தட்டிவிட்டு எழுந்து போக முடியவில்லை. சாப்பிட்டேன். அவியல் வைத்திருந்தார்கள். பரீட்சை எழுதிவிட்டு வருகிறவளுக்காக வைத்தது.

திங்கட்கிழமை அடுத்த பேப்பர். அன்றைக்கும் கிழக்கே சூலம். காலை ஏழுமணிக்கு நான் தி. நகருக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. கூட்டிப்போக என்று அத்தையிடம் சொன்னேன். அவர் தயிர்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பாரதி ஐந்தரைக்கே கிளம்பிவிட்டாளாம், ஹால் டிக்கெட்டை ரவிக்கையில் ஊக்கு குத்திக்கொண்டு. யாரிடமும் சொல்லவில்லையாம். நடந்தே போயிருக்கிறாள்.

நான் மயிலாப்பூர் போய்ச் சேர்ந்தபோது எட்டு இருக்கும். கல்லூரிக் கேட் பூட்டியிருந்தது. அதன் அருகே நடைபாதையில் பாரதி உட்கார்ந்திருந்தாள். நான் எதிர்ச்சாரியில் ஒரு மரத்தடியில் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். எழுந்து, கேட் தூணுக்கு அந்தப் பக்கமாகப் போய் உட்கார்ந்தாள். வாட்ச்மேன் டீ வாங்கிக்கொண்டு என் பக்கமாக வந்தார்.

“அந்தப் பொண்ணு உன்க்கு இன்னா ஒறவு சார்? ஆறரைக்கே வந்து குந்திக்கினு கீது. பரீட்சை பத்து மணிக்கும்மான்னு சொன்னேன். தெரியும்னுது. டீ சாப்புடுன்னேன், வாணாம்னுடுச்சு.”

நான் வாயைத் திறந்தேன். அவர் டீ ஆறுகிறது என்று போய்விட்டார்.

ஒன்பது மணிக்குப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ரிக்‌ஷாவிலும் பஸ்ஸிலும் வந்து, நோட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு, உதடுகள் அசைய நின்றார்கள். ஒருத்தி பாரதியிடம் ஓடிவந்து ஏதோ கேட்டாள். நடந்தது அவளுக்குத் தெரியாது போலிருக்கிறது. பாரதி ஒரு குச்சியை எடுத்து நடைபாதைப் புழுதியில் கோடு போட்டுக் காட்டினாள். நாலைந்து பேர் சுற்றிக் குனிந்தார்கள். அவள் கை அசைவிலிருந்தே எனக்குத் தெரிந்தது. தண்ணீர், பனிக்கட்டி, நீராவி, மூன்றும் சேர்ந்து இருக்கிற புள்ளி. மூன்று கோடுகள் வந்து அங்கே கூட வேண்டும். ஒருத்திக்குப் புரியவில்லை. அழித்துவிட்டு மறுபடி பொறுமையாக வரைந்தாள். மணி அடித்தது. எல்லாரும் எழுந்தார்கள். கேட் திறந்ததும் நூறு நூற்றைம்பது ஜோடிச் செருப்புகள் அந்த இடத்தின் மேல் நடந்து உள்ளே போயின. தூணோரமாக ஒரு கோட்டின் நுனி மட்டும் மிச்சமிருந்தது. வாட்ச்மேன் கேட்டைச் சாத்திவிட்டு, ஈர்க்குமாறை எடுத்துக்கொண்டு வந்தார்.