சாமைக்கு என்ன நிறம்

வெள்ளிமலையை விட்டு ஜீப் இறங்கத் தொடங்கியதும், குழுவுக்குக் கணக்கு எழுதும் தமிழ்ப்ரியா மடியில் லேப்டாப்பைத் திறந்துகொண்டாள். சிறுதானியக் குழுவுக்குச் சாமை உரிக்கும் மெஷின் ஏன் வேண்டும் என்று கள்ளக்குறிச்சியில் அதிகாரிகளுக்குத் திரையில் காட்ட வேண்டும். குழுத் தலைவர் கரியனும் பொருளாளர் செங்கம்மாளும் சேர்ந்து நின்று கேட்டால்தான் கிடைக்கும். இல்லாவிட்டால் மெஷின் வேறு குழுவுக்குப் போய்விடும்.

சார்ட் தயார். சாமை, தினை, கேழ்வரகுக்கு மூன்று பட்டைகள், விளைச்சலுக்கேற்ற உயரம். வம்பு நிறத்தில் வந்தது. தேர்தல் நெருங்கும் நேரம், கரியன் ஒரு கட்சி, செங்கம்மாள் எதிர்க்கட்சி.

“இன்னாம்மா, ஒசரமா நிக்கிறது அவங்க கொடி கலராக்கீது?” என்றார் கரியன்.

தமிழ்ப்ரியா சாமைப் பட்டையைச் சொடுக்கி நிறத்தை மாற்றினாள்.

“இது இவரு தோள்ல போட்டுக்கினு சுத்துற துண்டு கலரு,” என்றாள் செங்கம்மாள். “இதும் பக்கத்துல நான் நிக்கமாட்டேன், போ.”

நீலம், மஞ்சள், ஆரஞ்சு என்று எதைத் தொட்டாலும் அதற்கு ஒரு கொடி இருந்தது. சலித்துப்போய்ச் சாம்பல் நிறம் போட்டாள்.

“சாவு வூட்டு நோட்டீஸு மாதிரி கீது,” என்றார்கள் இருவரும். அன்று காலையில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

“என் ஜீப்பு கலரு வெள்ளை. அதைப் போடும்மா,” என்றார் டிரைவர் ஐயப்பன்.

“வெள்ளைத் திரையில வெள்ளைப் பட்டை தெரியுமாண்ணே?”

அவர் திரும்பிச் சிரித்ததில் வளைவில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. அதிகாரிகளுக்குக் காட்டச் செங்கம்மாள் கட்டி வந்த மூன்று தானிய மூட்டைகளில் ஒன்று அவிழ்ந்து, கீபோர்டு முழுக்கச் சாமை கொட்டியது.

தமிழ்ப்ரியா அதைத் தட்டிவிடவில்லை. மூன்று தானியத்தையும் கைப்பிடி கைப்பிடியாகப் பரப்பி, போனில் படமெடுத்து லேப்டாப்பில் ஏற்றினாள். பட்டைக்குள் நிறத்துக்குப் பதிலாகப் படத்தையும் நிரப்பலாம். சாமைப் பட்டையில் சாமையே குவிந்து நின்றது.

“இது எந்தக் கட்சி மாமா?”

கரியன் உற்றுப் பார்த்தார். செங்கம்மாள் முந்திக்கொண்டாள்: “சோத்துக் கட்சி!”

கூட்டத்தில் பெரிய அதிகாரி எழுந்து திரைக்கு அருகிலேயே வந்துவிட்டார். “இவ்வளவையும் உரல்லயா இடிக்கிறீங்க?”

ஆளுக்கொரு பக்கம் நின்ற கரியனும் செங்கம்மாளும் காய்த்துப்போன உள்ளங்கைகளை ஒன்றாக நீட்டினார்கள். அங்கேயே மெஷினுக்கு ஒப்புதல் கிடைத்தது.

“பெயிண்ட் என்ன கலர்ல வேணும்?” என்று கேட்டார் அதிகாரி.

இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

“பெயிண்டே வேணாம் சார்,” என்றாள் தமிழ்ப்ரியா அவசரமாக. “அப்படியே அனுப்பிடுங்க.”